பட்சி சொன்னதா, பயம் சொன்னதா?

பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போய்விட்டு, கேஸை மூடினோமா என்று ஆட்டோ பிடித்துத் திரும்பி வந்து பார்த்த ஆள் நான். மூடித்தான் இருந்தது. எப்போதும் மூடித்தான் இருக்கும். ஆனாலும் வயிற்றைக் கலக்கும்போது, இது வெறும் பயம் என்று எந்த நம்பிக்கையில் உதறுவது, உள்மனசு ஏதோ சொல்கிறது என்றால் என்ன செய்வது?

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஐப்பசி மழையில் பையனுக்கு டெங்கு வந்தது. அப்போது அவனுக்கு 7 வயது. முதல் நாலு நாளும் நான் தூங்கவில்லை. 103 டிகிரி அடித்த ராத்திரி எல்லாம் தெர்மாமீட்டரும் கையுமாக உட்கார்ந்து, கூகுளில் தேடக்கூடாததையெல்லாம் தேடி, ஏதோ விபரீதம் நடக்கப்போகிறது என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஐந்தாம் நாள் காலையில் காய்ச்சல் விட்டது. அப்பாடா என்று குலசாமிக்கு மஞ்சத்துணியில் காசு முடிந்து வைத்துவிட்டு, நாலு நாளில் முதல் தடவையாக நிம்மதியாகப் படுத்தேன்.

மதியம் அத்தை இளநீரோடு வந்தார். அரசு மருத்துவமனையில் குழந்தைகள் வார்டில் 30 வருஷம் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர். வாசல்படியில் நின்றபடியே பையனைப் பார்த்தார், செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "எனக்கு இவன் முகம் சரியாப் படலைடி" என்றார். "காய்ச்சல் விட்டுடுச்சு அத்தை, அசதியில தூங்குறான்" என்றேன். அவர் கேட்கவில்லை. போர்வையை விலக்கிப் பாதத்தைத் தொட்டார், சில்லென்று இருந்தது. "கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனான்?" யோசித்தால், முந்தின ராத்திரி. "வயித்த வலிக்குதாடா தம்பி?" தலையை மட்டும் ஆட்டினான். பத்தே நிமிஷத்தில் ஆட்டோவில் இருந்தோம். ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் இறங்கி, ரத்தம் கெட்டிப்பட்டிருந்தது. ரெண்டு நாள் டிரிப்ஸ் ஏற்றித் தேற்றி அனுப்பினார்கள்.

டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் கண்டம். பெரும்பாலும் 3 முதல் 7 நாளுக்குள் சூடு இறங்கும்போது, சிலருக்கு ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிய ஆரம்பிக்கும். வயிற்று வலி, ஓயாத வாந்தி, சோர்ந்து கிடப்பது, கைகால் சில்லிடுவது எல்லாம் அதன் அடையாளம். அதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரியும். என்னை உறுத்தியது வேறு விஷயம். நாலு நாள் ராப்பகலாகக் கத்திக்கொண்டிருந்த என் பயம், கத்த வேண்டிய அந்த ஒரு நாள் பார்த்து நிம்மதியாகத் தூங்கிவிட்டது.

கேரி கிளைன் என்ற அமெரிக்க உளவியலாளர் தீயணைப்பு வீரர்களை ஆராய்ந்தவர். ஒரு வீட்டின் சமையலறையில் தீ; தண்ணீரைப் பீய்ச்சியும் அடங்கவில்லை. அணித்தலைவர் காரணம் தெரியாமலே "வெளியே ஓடுங்க" என்று கத்துகிறார். எல்லாரும் வெளியேறியதும் அவர்கள் நின்றிருந்த தரை இடிந்து விழுகிறது. தீ அடித்தளத்தில் இருந்திருக்கிறது. தனக்கு ஏதோ அமானுஷ்ய சக்தி என்றே அவர் நம்பினாராம். கிளைன் துருவித் துருவிக் கேட்டபோதுதான், அந்த அளவுத் தீக்கு அறை அதிகமாகச் சுட்டது, சத்தமோ குறைவாக இருந்தது என்பது வெளியே வந்தது. அத்தையும் முகத்தைத்தான் சொன்னார், கை தானாகப் பாதத்துக்குப் போனது.

இதே கிளைனும், உள்ளுணர்வை அவ்வளவு லேசில் நம்பாத இன்னொரு உளவியலாளர் டேனியல் கானமனும் சேர்ந்து 2009-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். திரும்பத் திரும்ப ஒரே ஒழுங்கில் நடக்கிற விஷயமாக இருந்து, நாம் நினைத்தது சரியா தப்பா என்று உடனுக்குடன் தெரிந்து பழகியிருந்தால்தான் உள்ளுணர்வை நம்பலாம் என்பது அதன் சாரம். எனக்கு அது நச்சென்று புரிந்ததற்குக் காரணமும் அத்தைதான். பையன் முகத்தைப் படித்த அதே மனுஷி, சீட்டுப் பிடிக்கிற ஒரு ஆளைப் பார்த்து "என் பட்சி சொல்லுது, இவர் தங்கமான மனுஷன்" என்று 2 லட்சத்தைக் கொடுத்து ஏமாந்தவர். வார்டில் ஆயிரம் குழந்தைகளைப் பார்த்த பட்சிக்குச் சீட்டுக்காரர்களைப் பற்றி என்ன தெரியும், பாவம்.

வந்தது பயமா பட்சியா என்று உடம்பை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. எனக்கு ரெண்டுக்கும் அதே படபடப்பு, அதே வயிற்றுக் கலக்கல்தான். வெறும் வயிற்றில் ரெண்டு டம்ளர் காபி குடித்தாலும் அதே. பேச்சில்தான் வித்தியாசம் தெரிகிறது. பயம் "ஒருவேளை, ஒருவேளை" என்று நாளைக்கு நடக்கப்போவதையே அளக்கும், ஒன்றுக்குச் சமாதானம் சொன்னால் அடுத்ததை எடுக்கும். மற்றது இப்போது கண்முன்னால் இருக்கிற ஒன்றைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். நான் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன், 12 வருஷமாக. ஒரு வவுச்சரைத் தொட்டதும் ஏதோ இடிக்கிறதே என்று தோன்றினால் நிறுத்திப் பார்ப்பேன், பாதிக்கு மேல் ஏதாவது இருக்கும். அந்த இடத்தில் எனக்குப் பட்சி உண்டு. (என் பயமும் எப்போதாவது பலித்திருக்கிறது. பலித்தது மட்டும் ஞாபகம் இருப்பதுதான் தொல்லை.)

நேற்று அதிகாலை 5 மணிக்குப் பையன் பள்ளிச் சுற்றுலா போனான். பஸ் கிளம்பினதிலிருந்து ஒரே கலக்கம். அத்தைக்குப் போன் போட்டேன். "எதப் பாத்த? டிரைவர் தூங்கி வழிஞ்சானா, டயர் மொட்டையா இருந்துச்சா?" என்றார். ஒன்றும் பார்க்கவில்லை, டிரைவர் தெம்பாக டீ குடித்துக்கொண்டிருந்தார் என்றேன். "அப்புறம் என்னடி?" என்று வைத்துவிட்டார்.

நாளைக் காலை வந்துவிடுவான். இதுவரை அவன் டீச்சருக்கு மூன்று தடவைதான் பேசியிருக்கிறேன்.