ஸ்மார்ட்டியில் கேஷிங்: நான் செய்த பிழை

பிஎச்பியில் எழுதிய ஒரு பழைய கடைத் தளத்தை வேகப்படுத்த, ஸ்மார்ட்டி டெம்ப்ளேட் இயந்திரத்தின் (பக்கத்தின் வடிவத்தை 'டெம்ப்ளேட்' என்ற தனிக் கோப்பில் வைத்து, அதில் தரவை நிரப்பித் தரும் கருவி) கேஷிங்கை இயக்கிவிட்டு, தரவுத்தள வினவல்கள் ஒன்றுகூடக் குறையாததைக் கண்டு அரை நாள் விழித்தேன். டெம்ப்ளேட்டை பிஎச்பி நிரலாக மாற்றி வைப்பது வேறு. அந்த நிரல் ஓடித் தரும் எச்டிஎம்எல்லைக் கோப்பாக வைத்திருந்து, இயல்பாக 3600 நொடிகள் வரை அதையே திரும்பக் கொடுக்கும் கேஷிங் வேறு என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால், டெம்ப்ளேட்டை அழைப்பதற்கு முன்பே என் நிரல் எல்லாத் தரவையும் எடுத்து முடித்துவிடுகிறது என்பதை நான் கவனிக்கவில்லை. 'இஸ்கேஷ்ட்' என்று முதலில் கேட்டு, சேமித்த பக்கம் இல்லாதபோது மட்டும் வினவலை ஓடவிட்டதும் சுமை இறங்கியது.

சேமித்த பக்கங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய உதவும் கேஷ் ஐடியாகப் பொருளின் எண்ணைக் கொடுக்க மறந்திருந்தால், முதலில் பார்க்கப்பட்ட பொருளே எல்லாப் பொருள்களின் பக்கத்திலும் தெரிந்திருக்கும். (அந்தப் பிழையை வேறொரு தளத்தில் ஏற்கெனவே செய்தாயிற்று.) பயனர் பெயர், கூடையிலுள்ள பொருள்களின் எண்ணிக்கை போன்றவற்றை 'நோகேஷ்' தொகுதிக்குள் வைத்துவிட்டேன், அவை ஒவ்வொரு முறையும் புதிதாகவே கணக்கிடப்படுகின்றன.