தாய்மொழி என்னும் கட்டம்

ஏற்காடு மலையில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியராக நான் பணியேற்றது 2004 ஜூன் மாதம். சேலம் நகரத்துச் செவ்வாய்ப்பேட்டையில் பிறந்து வளர்ந்த எனக்கு, இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே வாழும் மக்களைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்பதை முதலில் காட்டிக்கொடுத்தது சேர்க்கைப் பதிவேடுதான். பிள்ளைகளின் இனம் ‘மலையாளி’ என்றிருந்ததால், அந்த ஆண்டு முதல் வகுப்பில் சேர்ந்த அனைவருக்கும் தாய்மொழிக் கட்டத்தில் ‘மலையாளம்’ என்று எழுதிவைத்தேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். அழகாக எழுதப்பட்ட தவற்றை யாரும் சந்தேகிப்பதில்லை.

ஐந்தாம் வகுப்பு முடித்த ஒரு பையனின் மாற்றுச் சான்றிதழிலும் அதையே எழுதியிருந்தேன். கீழே ஆறாம் வகுப்பில் சேர்க்கப் போன இடத்தில், மலையாளம் சொல்லித்தர ஆள் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் பையனின் தாத்தா சான்றிதழை நான்காக மடித்து வேட்டி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். கோபமாக ஒரு சொல்லும் பேசவில்லை. “சார், இப்போ நீங்களும் நானும் பேசிக்கிட்டிருக்கிறது என்ன பாசை?” என்று மட்டும் கேட்டார். சிவப்பு மையால் அடித்து, ‘தமிழ்’ என்று எழுதி, தலைமை ஆசிரியரிடம் சுருக்கொப்பம் வாங்கிக் கொடுத்தேன்.

மலையை ஆள்பவர் மலையாளி. காஞ்சியிலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரில் மூத்தவர் சேர்வராயன் மலையிலும், மற்ற இருவர் கொல்லிமலையிலும் பச்சைமலையிலும் குடியேறினார்கள் என்று அவர்களே கதை சொல்வார்கள். சேலம் மாவட்டத்தில் இவர்கள் பட்டியல் பழங்குடியினர்; ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் அதே பெயரில் வாழ்பவர்களோ அந்தப் பட்டியலில் இடம் கேட்டு நெடுங்காலமாகப் போராடிவருகிறார்கள். அரசுப் பதிவேட்டில் ஒரு சொல்லுக்கு எவ்வளவு கனம் இருக்கிறது என்பதை அந்தச் சான்றிதழுக்குப் பிறகுதான் உணர்ந்தேன்.

சிறுபான்மை மொழி பேசும் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியிலேயே கிடைக்க வசதி செய்ய வேண்டும் என்று 1956-இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350அ பிரிவு சொல்கிறது. தெலுங்கும் கன்னடமும் சௌராஷ்டிரமும் உருதும் வீட்டுமொழிகளாக இருக்கும் சேலம் நகரத்துத் தெருக்களில் அதன் பொருள் எளிதில் விளங்கும். தமிழே பேசியும், பாடநூலின் தமிழுக்குத் தொலைவில் நிற்கிற மலைப் பிள்ளையை எந்தப் பிரிவும் நினைத்துப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. அந்த இடைவெளியை முதல் வகுப்பு ஆசிரியர்தான் பேசிப்பேசிக் கடக்க வேண்டியிருந்தது.

உடற்குறை உள்ள பிள்ளைகள் விஷயத்திலும் வரலாறு ஏறக்குறைய இப்படித்தான் நகர்ந்திருக்கிறது. 1974-இல் மத்திய அரசு கொண்டுவந்த திட்டத்தின் பெயர் ‘ஒருங்கிணைந்த கல்வி’. பொதுப் பள்ளியின் போக்குக்கு ஈடுகொடுக்கக்கூடிய குழந்தைக்கு அங்கே இடம் உண்டு என்பதே அதன் நடைமுறைப் பொருள். 1994-இல் ஸ்பெயினின் சலமங்கா நகரில் 92 அரசுகளின் பிரதிநிதிகள் கூடி, பள்ளிதான் குழந்தைக்கேற்ப மாற வேண்டும் என்று அறிவித்த பிறகு ‘உள்ளடங்கிய கல்வி’ என்ற சொல் பரவியது. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது; 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மாற்றுத்திறன் வகைகளை 21 ஆக விரித்தது. பயிற்சி வகுப்புகளில் இவற்றையெல்லாம் அவ்வப்போது குறிப்பெடுத்திருக்கிறேன். ஆனாலும் 2011-இல் என் வகுப்பில் இருந்த ஒரு சிறுமியை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் சொல்லாததால், ‘மெல்லக் கற்பவர்’ என்றுதான் எழுதியிருந்தேன். வட்டார வள மையத்திலிருந்து வந்த சிறப்பாசிரியர் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று சாவிக்கொத்தைத் தரையில் போட்டார். வகுப்பே திரும்பியது, அவள் மட்டும் சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். முகாமில் காதொலிக் கருவி கிடைத்தது, ஆனால் அதற்கான பேட்டரி தீர்ந்தால் சேலத்துக்குத்தான் போக வேண்டும். அந்த நாட்களில், நான் வருகை எடுக்கையில் பக்கத்தில் இருந்த பெண் அவள் தோளில் இரண்டு முறை தட்டுவாள். உடனே எழுந்து “உள்ளேன் ஐயா” என்பாள். அந்த ஏற்பாட்டை அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இப்போது பதிவேடு கணினிக்குப் போய்விட்டது. சென்ற ஆண்டு காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில், ஜார்க்கண்டிலிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்த ஒருவர் தம் மகளைச் சேர்க்க அழைத்து வந்தார். வீட்டில் என்ன பேசுவீர்கள் என்று கேட்டதற்கு, “சாத்ரி” என்றார்; அந்தப் பக்கத்தில் பேசப்படும் ஒரு மொழி அது. உதவி ஆசிரியை திரையைப் பார்த்தபடி, “இந்தினு போட்டுடலாமா சார்?” என்றார். அந்தக் கட்டத்தை மட்டும் அப்படியே விட்டுவைக்கச் சொல்லிவிட்டு, மறுநாள் குழந்தையின் அம்மாவையும் அழைத்து வருமாறு அவரிடம் சொன்னேன்.