மணி வளரும் வீட்டுக்குப் பேத்தி வந்தாள்

கடந்த மாசி மாதம், காட்பாடி காந்தி நகரில் உள்ள எங்கள் வீட்டில் மகளுக்கு வளைகாப்பு நடந்தது. பந்தி முடிந்து ராணிப்பேட்டைக்குக் கிளம்பும் நேரத்தில் சம்பந்தியம்மா என்னைத் தனியாக அழைத்து, "சம்பந்தி, தப்பா நெனைச்சுக்காதீங்க. கொழந்தை பொறந்து வர்றதுக்குள்ள அந்த நாயை யார் வீட்டுக்காவது அனுப்பிடுங்க. எனக்கு மனசு ஒப்பல" என்றார். பக்கத்தில் நின்ற என் மனைவி, "அவன் ஒண்ணும் செய்ய மாட்டான் அண்ணி, ஆறு வருஷமா ஒருத்தரையும் கடிச்சதில்ல" என்று உடனே பதில் சொல்லிவிட்டாள்.

அன்று இரவு படுத்தபடி யோசித்தபோது, சம்பந்தியம்மாவின் அச்சத்தைவிட என் மனைவியின் நம்பிக்கைதான் என்னை அதிகம் கலங்கவைத்தது. மணி ஆறு ஆண்டுகளாக யாரையும் கடித்ததில்லை என்பது உண்மை. ஆனால் அந்த ஆறு ஆண்டுகளில் எங்கள் வீட்டில் கைக்குழந்தை இருந்ததே இல்லை. அது பார்த்திராத ஓர் உயிர், கேட்டிராத ஓர் அழுகுரல், பழகிய மனிதர்களின் பொழுதையெல்லாம் பறித்துக்கொள்ளப்போகும் ஒரு வரவு. அதன் முன்னால் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதற்குப் பழைய நற்சான்று எதுவும் ஈடாகாது.

மணி உயர்ந்த சாதி நாய் இல்லை. விருதம்பட்டுப் பக்கம் பாலாற்றுப் பாலத்துக்குக் கீழே, கண்கூடச் சரியாகத் திறக்காத குட்டியாகக் கிடந்ததை என் மகள்தான் துப்பட்டாவில் சுற்றி எடுத்து வந்தாள். அதைக் குடியாத்தத்தில் உள்ள மைத்துனர் கொல்லைக்கு அனுப்பிவிடலாம் என்று ஒரு பேச்சு வந்தபோது, வேண்டாம் என்று சொன்னவளும் அவளே. எனக்கும் அனுப்ப மனம் வரவில்லை. அதே வேளையில், பாசத்தை நம்பி எதையும் விட்டுவைக்கக் கூடாது என்றும், அந்த நாயின் நல்ல குணத்தைச் சோதித்துப் பார்க்கும் நிலையே வராதபடி வீட்டை மாற்றியமைக்க வேண்டும் என்றும் அன்று முடிவு செய்தேன். கையில் இரண்டு மாதம் இருந்தது.

முதலில் மாட்டாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். ஆண்டுதோறும் போட வேண்டிய வெறிநோய்த் தடுப்பூசி சில வாரங்கள் தள்ளிப்போயிருந்தது, அதைப் போட்டார்கள். குடற்புழு மருந்தும் கொடுத்தார்கள். நாயின் மலத்தில் இருந்து மண்ணுக்கும், மண்ணில் இருந்து கைக்கும் வாய்க்கும் வரக்கூடிய உருண்டைப்புழு, கொக்கிப்புழு ஆகியவை சிறு குழந்தைகளுக்குத் தீங்கானவை என்பதால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த மருந்தைத் தவறாமல் கொடுக்கும்படி கால்நடை மருத்துவர் சொன்னார். உண்ணிக்கும் மருந்து போட்டோம். இவை எல்லாம் ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிட்ட வேலைகள்.

பழக்கங்களை மாற்றுவதுதான் நாள் பிடித்தது. மணி அதுவரை மகள் வரும்போதெல்லாம் அவள் அறையில், கட்டிலுக்கு அடியில்தான் படுக்கும். குழந்தை வந்த அன்றைக்குத் திடீரென்று கதவைச் சாத்தினால், தன் இடம் போனதும் குழந்தை வந்ததும் அதன் மனத்தில் ஒன்றாகவே பதியும். ஆகவே வளைகாப்பு முடிந்த மறுவாரமே அதன் சாக்கைக் கூடத்தின் வடக்கு மூலைக்கு மாற்றினோம். மகளின் அறை வாசலில், காற்றும் பார்வையும் தடைப்படாத மரச்சட்டக் கதவு ஒன்றைத் தச்சரைக் கொண்டு இடுப்பளவு உயரத்தில் போட்டோம். மணியை நடைக்கு அழைத்துப் போகும் வேலையை என் மகளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டேன். சாப்பாட்டு நேரத்தை வேண்டுமென்றே சில நாள் முன்னும் பின்னும் தள்ளிவைத்தோம். ஏனென்றால் பச்சைக் குழந்தை உள்ள வீட்டில் எதுவும் கடிகாரம் பார்த்து நடக்காது. "உட்காரு", "இரு", "உன் எடத்துக்குப் போ" என்ற மூன்று சொற்களுக்கும் அது உடனே கட்டுப்படும்வரை, அவித்த முட்டைத் துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு தினமும் பத்து நிமிடம் பழக்கினேன்.

அழுகுரலுக்கும் பழக்கினோம். பக்கத்துத் தெருவில் பிறந்திருந்த ஒரு குழந்தையின் அழுகையைக் கைப்பேசியில் பதிவு செய்து, முதலில் காதில் விழுந்தும் விழாததுமாக ஒலிக்கவிட்டு, மணி அமைதியாக இருக்கும்போது முட்டைத் துண்டு கொடுத்து, நாளாக நாளாகச் சத்தத்தைக் கூட்டினோம். மனிதக் காதுக்கு எட்டாத மெல்லிய உயர்ந்த ஒலிகளையும் நாய் கேட்கும் என்பதால், நமக்கே எரிச்சல் தரும் அந்த வீறிடல் அதற்கு எப்படி இருக்கும் என்பதை நாம் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சித்திரை இரண்டாம் வாரத்தில் பேத்தி பிறந்தாள். மருத்துவமனையில் அவளைச் சுற்றியிருந்த பருத்தித் துணி ஒன்றை மறுநாளே வீட்டுக்குக் கொண்டுவந்து, தரையில் போட்டு, மணியை முகரவிட்டேன். வாயில் கவ்வ விடவில்லை. இரண்டு நாள் அந்தத் துணி கூடத்து அலமாரியின் மேல் இருந்தது.

நான்காம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். மணி என் மகளைப் பார்த்து ஐந்து நாள் ஆகியிருந்தது. துள்ளும், மேலே விழும் என்று தெரியும். ஆகையால் மருமகன் குழந்தையோடு காரிலேயே இருக்க, மகள் மட்டும் கையை வீசிக்கொண்டு உள்ளே வந்தாள். மணி கத்தி, சுற்றி, அவள் காலடியில் படுத்து, அந்த ஆனந்தம் அடங்கக் கால் மணி நேரம் ஆனது. அதற்கு முன்பே நான் அதை ஒரு நீண்ட நடைக்கு அழைத்துப் போய்க் களைப்பாக்கியும் வைத்திருந்தேன். பிறகுதான் கழுத்துப்பட்டையில் கயிற்றைக் கோத்து, கயிற்றை இறுக்கிப் பிடிக்காமல் தளரவிட்டு, நான் கூடத்தின் ஒரு கோடியில் உட்கார்ந்தேன். நாம் கயிற்றை இறுக்கினால் நம் பதற்றம் கயிறு வழியாக நாய்க்குப் போய்விடும் என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருந்தார். மருமகன் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு எதிர்க் கோடி நாற்காலியில் அமர்ந்தார். இடையே எட்டு அடி இருக்கும்.

மணியின் மூக்கு மேலே எழுந்தது. இரண்டு நாசிகளும் விரிந்து சுருங்குவது எனக்குத் தெரிந்தது. காதுகள் முன்னால் மடிந்து, பிறகு பின்னால் போயின. ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தது. "நல்ல பையன்" என்று மெதுவாகச் சொல்லி முட்டைத் துண்டைக் கொடுத்தேன். ஐந்து நிமிடத்தில் வெளியே அழைத்துப் போய்விட்டேன். அன்றைக்கு அவ்வளவுதான். கிட்டே கொண்டுபோய் மூக்கால் தொடவிட வேண்டும், முதல் நாளே இரண்டையும் சேர்த்து ஒரு படம் எடுக்க வேண்டும் என்ற ஆசை வீட்டில் எல்லோருக்கும் இருந்தது. அந்த ஆசைக்கு இடம் கொடுக்காததுதான் நாங்கள் செய்த சரியான காரியம் என்று இப்போதும் நினைக்கிறேன். எட்டு அடி என்பது நான்கு அடியாகக் குறையப் பத்து நாள் ஆயிற்று.

அந்த நாட்களில் நான் குழந்தையை விட நாயைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தேன். நாய்க்கு மனம் சரியில்லை என்றால் அது முதலில் குரைப்பதில்லை. தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடும். எதுவும் தின்னாமலே உதட்டை நக்கும். தலையைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணால், வெள்ளைவிழி தெரியும்படி பார்க்கும். உடல் விறைத்து அசையாமல் நிற்கும். இவற்றையெல்லாம் நாம் கவனிக்காமல் விட்ட பிறகே உறுமும். உறுமியதற்காக அடிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். உறுமல் என்பது அது தரும் எச்சரிக்கை. அதை அடித்து அடக்கினால், அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமலே கடிக்கும் நாயை நாமே உருவாக்கியவர்கள் ஆவோம். உறுமினால் திட்டாமல் நாயை அங்கிருந்து அகற்றிவிட வேண்டும், பிறகு ஏன் உறுமியது என்று யோசிக்க வேண்டும்.

இத்தனையும் செய்த நான் தூளியைப் பற்றி யோசிக்கவே இல்லை.

பதினாறாம் நாள் பெயர் சூட்டி, கூடத்து உத்தரத்தில் என் மனைவியின் பழைய நூல் புடவையால் தூளி கட்டினோம். தரையில் உட்கார்ந்து ஆட்டுவதற்கு வசதியாக, குழந்தையின் எடைக்குத் தாழ்ந்து தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் அது தொங்கியது. அக்கினி நட்சத்திர நாட்கள் அவை. மலைகள் சூழ்ந்த வேலூரின் வெயில் எப்படிப்பட்டது என்பது இங்கே வாழ்பவர்களுக்குத் தெரியும். மதியம் மின்சாரம் போயிருந்ததால், அறைக்குள் புழுங்குகிறது என்று கூடத்தில் தூளியில் போட்டு ஆட்டிவிட்டு, "ஒரு நிமிஷம்பா, பாத்துக்கோங்க" என்று சொல்லி மகள் சமையலறைக்குப் போனாள். நான் திண்ணையில் இருந்தேன். அவள் சொன்னது எனக்குக் காதில் விழவில்லை.

தற்செயலாகத்தான் திரும்பினேன். தூளி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே குழந்தை சிணுங்கியது. மணி அதற்கு நேர் எதிரில், முன்னங்கால்களைத் தாழ்த்தி, கழுத்தை நீட்டி, தூளி போகும் பக்கமெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தது. வாலில் அசைவில்லை. நான் எழுவதற்குள் ஒரு முன்னங்காலைத் தூக்கிப் புடவையின் மேல் வைத்துவிட்டது; நகம் நூலில் மாட்டி, தூளி ஒரு பக்கமாக இழுபட்டது. நான் ஓடவும் இல்லை, கத்தவும் இல்லை. கத்தியிருந்தால் அது காலை வெடுக்கென்று இழுத்திருக்கும். "மணி, உன் எடத்துக்குப் போ" என்று இரண்டு மாதமாகச் சொன்ன அதே குரலில் சொன்னேன். காலை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய்விட்டது. பேத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. புடவையில் விரல்நீளத்துக்கு ஒரு கிழிசல் இருந்தது. அதைப் பார்த்ததும் என் கைகள் நடுங்கத் தொடங்கின; மகள் சுவரில் சாய்ந்து அழுதுவிட்டாள்.

மணிக்கு அப்போது கோபம் இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. கால்நடை மருத்துவரிடம் சொன்னபோது அவரும் அதையே சொன்னார். நாயின் கண் அசையாத பொருளைவிட அசையும் பொருளையே முதலில் பிடிக்கும். பை போன்ற ஒன்று ஆடுகிறது, உள்ளிருந்து சிறு பிராணியின் குரல் போன்ற மெல்லிய சத்தம் வருகிறது என்றால், துரத்திப் பிடிக்கும் இயல்பு உள்ள எந்த நாயும் எழுந்து வரும். என்னவோ ஏதோ என்று பதறித் தட்டிப் பார்க்கும் நாயும் உண்டு. இரண்டில் எதுவானாலும் குழந்தைக்கு வரும் தீங்கு ஒன்றுதான். கெட்ட எண்ணம் இல்லாமலே கேடு நடக்கலாம் என்பதை அந்தக் கிழிசல் எனக்குக் காட்டியது. நாய் வளர்க்கும் வீடுகளில் தூளியைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அன்றே தூளியை அவிழ்த்து, மரச்சட்டக் கதவுக்கு உட்புறம், மகளின் அறையில் கட்டினோம். இன்னொரு விதியும் வகுத்துக்கொண்டோம். குழந்தையும் நாயும் ஒரே இடத்தில் இருந்தால், பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில், வேறு வேலை இல்லாமல் இருக்க வேண்டும். "பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போவது செல்லாது. "நான் பாத்துக்கிறேன்" என்று மற்றவர் வாய்விட்டுச் சொன்ன பிறகே நகர வேண்டும். நான்கு பெரியவர்கள் இருக்கும் வீட்டில்தான் ஒருவர் பார்ப்பார் என்று இன்னொருவர் இருந்துவிடும் ஆபத்து அதிகம். பார்க்க ஆளில்லை என்றால் மணி கதவுக்கு வெளியே. வெளியே என்றால் வெயிலில் கட்டிவைப்பது அல்ல. அந்த வெயிலில் கட்டிய நாய்க்கு உடம்பும் கெடும், குணமும் கெடும். பின்கட்டில், ஈரச் சாக்கும் தண்ணீர்த் தொட்டியும் வைத்த நிழலில் இருந்தது. அதோடு, குழந்தை தூங்கும்போது மட்டும் நாயைக் கொஞ்சிவிட்டு, விழித்ததும் விரட்டும் வழக்கத்தையும் மாற்றினோம். குழந்தை விழித்திருக்கும்போதுதான் மணிக்கு முட்டையும் தடவலும் கிடைத்தன.

நக்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் மனைவி பேத்திக்கு எண்ணெய் தேய்த்துக் காலில் கிடத்திக் குளிப்பாட்டும்போது, அந்த எண்ணெய் மணத்துக்கும் பால் மணத்துக்கும் மணி மிக நெருங்கி வரப் பார்த்தது. பாசத்தால் நக்குகிறது என்று விட்டுவிடக் கூடாது. தொப்புள்கொடி காய்ந்து விழ ஒன்று இரண்டு வாரம் ஆகும். அதுவரை அது திறந்த புண். புண்ணிலோ கண்ணிலோ வாயிலோ நாயின் எச்சில் படுவதை மருத்துவர்கள் ஆழமான கடிக்கு இணையாகவே வைத்துப் பார்க்கிறார்கள். சிறு கீறல் விழுந்தாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சுண்ணாம்பு, மஞ்சள், காப்பித்தூள் எதையும் வைக்கக் கூடாது. குழந்தை மிகச் சிறியது என்பதற்காக வெறிநோய்த் தடுப்பூசியைத் தள்ளிப்போடவும் கூடாது. பச்சைக் குழந்தைக்கும் அதைப் போடலாம். நம் நாய்க்கு ஊசி போட்டிருக்கிறோமே என்று வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் இந்த ஊசி இலவசம். எங்கள் பக்கத்தில் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் போடுகிறார்கள். வெறிநோயின் அறிகுறி ஒருமுறை தோன்றிவிட்டால் காப்பாற்ற வழியில்லை.

ஐந்தாம் மாதம் மகளும் பேத்தியும் ராணிப்பேட்டைக்குப் போனார்கள். கிளம்பும் முன் சம்பந்தியம்மா மரச்சட்டக் கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, "எங்க வீட்லயும் இதே மாதிரி ஒண்ணு போடணும், படிக்கட்டுக்கு" என்றார்.

இப்போது பேத்தி தவழ ஆரம்பித்துவிட்டாள். இனிமேல் குழந்தை நாயிடம் போகும். வாலைப் பிடிக்கும், தூங்கும் நாயின் மேல் விழும், சோற்றுக் கிண்ணத்தில் கைவைக்கும். தவழும் குழந்தையின் முகம் நாயின் வாய்க்கு நேராக இருக்கும் உயரம் அது. தீபாவளிக்கு வருவதாகச் சொன்னார்கள். வெடிச்சத்தத்தில் மணி நடுங்கிக்கொண்டிருக்கும் நாட்களில் வேண்டாம் என்று, ஒரு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறேன். அதன் கிண்ணத்தைக் கூடத்திலிருந்து பின்கட்டுக்கு மாற்றி மூன்று நாள் ஆகிறது. முதல் நாள் மணி பழைய இடத்திலேயே போய் நின்று என்னைப் பார்த்தது. இன்று காலை நான் அழைப்பதற்கு முன்பே பின்கட்டில் காத்திருந்தது.