"காஸ் முடிஞ்சுது" என்றால் உடனே காசை நீட்டாதீர்கள்

ஏசிக்குள் ஐஸ் பிடித்தால் எங்கள் பக்கத்தில் வருகிற திருத்துநர் பெட்டியைத் திறக்கும் முன்பே சொல்லிவிடுவார்: "அண்ணை, காஸ் முடிஞ்சுது." காஸ் என்றால் ஏசிக்குள் ஓடிக் குளிராக்குகிற வாயு. அந்த ஒரு வசனத்துக்குக் கொடுத்த காசு இன்னும் வயிற்றெரிச்சல்.

வீடு பரந்தனில், முல்லைத்தீவு றோட்டுக்குக் கிட்ட. காலபோக அறுவடையில் வெட்டு மெசின் கிளப்புகிற தூசும், றோட்டில் காயப்போட்ட நெல்லின் சுணையும் ஜன்னல் பூட்டினாலும் உள்ளே வந்துவிடும். சித்திரை வெயில் ஏறியபோது ஏசியில் காற்றுக் குறைந்தது. பிறகு காற்றைக் குளிராக்குகிற குழாய்ச் சுருளான கொயிலில் வெள்ளையாக ஐஸ் கட்டி, சுவரால் தண்ணீர் வடிந்தது. பில்டர் சுத்தம், அதை ஒழுங்காகக் கழுவுகிறோம்.

வந்தவர் ஐஸ் உருகும்வரை காத்திருக்கவில்லை. அப்படியே காஸ் அழுத்தம் பார்க்கிற மீட்டரைப் பூட்டினார், முள் கீழே நின்றது, காஸ் அடித்தார், காசை வாங்கிக்கொண்டு போனார். சில நாளில் பழையபடி ஐஸ். திரும்பக் கூப்பிட்டால், "காஸ் காணாது போல."

வொறண்டி இருக்கிறதே என்று வவுனியாவில் உள்ள சேர்விஸ் நிலையத்துக்கு பஸ் ஏறினேன். கவுண்டரில் இருந்த பிள்ளை கார்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கடைச் சீல் இல்லை, பூட்டின திகதியும் எழுதேல்ல" என்றார். பில்லைக் காட்டினேன், தலையாட்டவில்லை. சீல் அடிக்க வேண்டியது விற்ற கடை. அங்கே போனால் சீல் வைத்திருக்கிறவர் லீவாம். புதிதாக வாங்குபவர்கள், பூட்டுகிற அன்றே கார்டில் சீல், திகதி, உள்பெட்டி வெளிப்பெட்டி இரண்டின் சீரியல் இலக்கம் எல்லாம் எழுதி வாங்கிவிடுங்கள். பூட்டினவர்கள் வேனில் ஏறிப் போன பிறகு கெஞ்ச வேண்டிவரும்.

கடைசியில் கிளிநொச்சியில் இருந்து வந்த தம்பி ஒருவர்தான் விஷயத்தைப் பிடித்தார். மீட்டரைத் தொடவே இல்லை. காற்று வருகிற வாய்க்குள் போன் டோர்ச்சை அடித்து, "அண்ணை, இதைப் பாருங்கோ" என்றார். உள்ளே சுழல்கிற உருளை விசிறியின் இதழ் ஒவ்வொன்றும் கம்பளி போர்த்தியதுபோல் இருந்தது. பில்டருக்குத் தப்பிய நெல் தூசு கொயில் ஈரத்தையும் சேர்த்துக்கொண்டு அங்கேயே படிந்துவிட்டது. பில்டரை எத்தனை கழுவினாலும் அது போகாது.

அவர் சொன்ன கணக்கு இதுதான். கொயில் வழமையாக பூச்சியத்துக்குச் சில பாகை மேலே ஓடும். போதிய காற்று படாவிட்டால் பூச்சியத்துக்குக் கீழே இறங்கி, காற்றிலுள்ள ஈரம் அதில் உறைந்துவிடும். உறைந்த ஐஸ் மிச்சக் காற்றையும் மறிக்கும். காஸ் குறைந்தாலும் ஐஸ் பிடிக்கும், உண்மைதான். ஆனால் கொயில் உறைந்து கிடக்கும்போது காஸ் சரியாக இருந்தாலும் மீட்டர் முள் கீழேதான் நிற்கும். முதல் வந்தவர் பார்த்தது அதைத்தான்!

உருளையைக் கழுவி முடிய, அளவுக்கு மேல் அடிபட்டிருந்த காஸை முழுவதும் சிலிண்டருக்குள் இழுத்தெடுத்து, குழாய்க்குள் மிச்சக் காற்றும் ஈரமும் இல்லாமல் வக்கூம் பிடித்து, வெளிப்பெட்டி லேபிளில் உள்ள கிராம் கணக்குக்குத் தராசில் நிறுத்து அடிக்க வேண்டியிருந்தது. எங்களுடைய ஏசியில் இருப்பது ஆர்-32 என்கிற காஸ், தீப்பற்றக்கூடியது. அதைச் சும்மா காற்றில் திறந்துவிடுகிற ஆளை வீட்டுக்குள் விடாதீர்கள்.

ஐஸைக் கண்டால் குளிரை நிறுத்தி, விசிறியை மட்டும் சில மணித்தியாலம் ஓடவிடுங்கள். கீழே ஒரு வாளி, பிளக் பொயின்ட் பக்கம் ஒரு துவாய். அவசரப்பட்டு கத்தியாலோ ஸ்குறூடிறைவராலோ சுரண்டினால் கொயில் ஓட்டையாகும், பிறகு உண்மையாகவே காஸ் போகும். ஐஸோடு ஓடவிட்டாலும், வெளிப்பெட்டியில் காஸை அழுத்தி ஓடவைக்கிற கொம்பிறசருக்குத்தான் கேடு. உருகிய பிறகு முதலில் பில்டர், பிறகு டோர்ச் அடித்து அந்த உருளை. எங்கள் பக்கத்தில் அறுவடை முடிந்த கையோடு அதைக் கழுவித்தான் ஆக வேண்டும்.

இரண்டும் சுத்தமாக இருந்தும் ஐஸ் கட்டினால் மட்டும் காஸ் கதைக்கு வாருங்கள். ஏசி காஸ் பெற்றோல் மாதிரி எரிந்து முடிவதில்லை. குறைந்தால் எங்கோ ஒழுக்கு இருக்கிறது. செப்புக் குழாய் பூட்டிய நட்டுகளில் சவர்க்காரத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று காட்டச் சொல்லுங்கள். "அது தேவையில்லை, அடிச்சா சரி" என்பவருக்கு ஒரு தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.