உள்ளங்கை வியர்வைக்கு அக்குபங்சர்: ஒரு நாட்குறிப்பு

ஜனவரி 6

உள்ளங்கை வியர்வைக்கு அக்குபங்சர் செய்துகொள்ள முடிவெடுத்துவிட்டேன். அதற்கு முன்பாகத் தோல் மருத்துவரைப் பார்த்து, இந்த வியர்வைக்குப் பின்னால் வேறு நோய் எதுவும் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டேன். இந்த வரிசையை யாரும் மாற்றக் கூடாது என்பது என் கருத்து. தைராய்டு மிகையாகச் சுரந்தாலும், இரத்தத்தில் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்தாலும், காசநோய் இருந்தாலும், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளை உட்கொண்டாலும் வியர்வை பெருகும். சிறு வயதிலோ பதின்பருவத்திலோ தொடங்கி, இரு கைகளிலும் ஒன்றுபோல வழிந்து, உறங்கும்போது நின்றுவிடுவதுதான் வேறு நோயைச் சாராத வகை. என்னுடையது அந்த வகையே. படுக்கை நனையும்படி இரவில் வியர்த்து, கூடவே காய்ச்சலும் எடைக் குறைவும் இருப்பவர்கள் ஊசியை நாடிச் சென்று காலத்தைக் கடத்திவிட வேண்டாம்.

ஜனவரி 9

சிகிச்சை தொடங்கும் முன், எதைச் சரிசெய்யப் போகிறோம் என்று தெரிந்துகொள்ள விரும்பினேன். மனித உடலில் 20 முதல் 40 இலட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. அவை மிக நெருக்கமாக அமைந்திருப்பது உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்தான். என்னைப் போன்றவர்களிடம் இந்தச் சுரப்பிகள் எண்ணிக்கையில் கூடுதலாகவோ அமைப்பில் பழுதாகவோ இருப்பதில்லை. அவற்றை ஏவும் பரிவு நரம்புகள்தான் (நம் விருப்பத்துக்குக் காத்திராமல் தானாக இயங்குபவை) தேவைக்கு மேல் ஏவுகின்றன. உடம்பின் மற்ற இடங்கள் முக்கியமாக வெப்பத்துக்கு வியர்க்க, உள்ளங்கையோ பதற்றத்துக்கு வியர்க்கிறது. ஒருவர் கைகுலுக்க வருகிறார் என்று கண்டதுமே கை நனைந்துவிடும் என்ற அச்சம் எழுகிறது. அந்த அச்சமே கையை நனைக்கிறது. நனைந்த கை அடுத்த முறைக்கான அச்சத்தை வளர்க்கிறது. அக்குபங்சரால் ஏதேனும் பயன் உண்டென்றால், அது இந்தச் சுழற்சியில் எங்கோ ஓரிடத்தில் நுழைந்தாக வேண்டும்.

ஜனவரி 14

இன்று முதல் அமர்வு. மயிரிழையை விடச் சற்றே தடித்த, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசிகள். உறை என் கண்முன்தான் பிரிக்கப்பட்டது. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட சதையில் உள்ள பெருங்குடல் 4, கணுக்காலுக்கு மேலே உட்புறத்தில் உள்ள சிறுநீரகம் 7, மணிக்கட்டு மடிப்பை ஒட்டிச் சிறுவிரல் பக்கமாக உள்ள இதயம் 6 ஆகிய புள்ளிகளில் குத்தினார்கள். உறுப்பின் பெயரும் எண்ணும் சேர்ந்த இவை, குத்தும் இடங்களுக்கு அக்குபங்சரில் வழங்கும் பெயர்கள். முதல் இரண்டையும் இணைத்து வியர்வையைச் சீராக்குவது சீன மரபில் நெடுநாளாக உள்ள வழக்கம். பகலில் தானாகப் பெருகும் வியர்வையை உயிராற்றல் குறைவாகவும், இரவு வியர்வையை உடலின் குளிர்ச்சித் தன்மையான யின் குறைவாகவும் அந்த மரபு பிரித்துப் பார்க்கிறது. வியர்வையை இதயத்துக்குரிய நீர்மமாகவும் கருதுகிறது. இந்த விளக்கத்தை உடற்கூற்றியல் ஏற்பதில்லை. ஆயினும், மனக்கலக்கத்தையும் வியர்வையையும் ஒரே நூலில் கோத்துப் பார்த்த அந்தக் கூர்மையை நான் மதிக்கிறேன்.

ஊசி இறங்கியதும் வலியை விட, கனமான ஒரு மந்த உணர்வே கையில் பரவியது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவர்களும் கருவுற்றிருப்பவர்களும் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கருவுற்றவர்களுக்குப் பெருங்குடல் 4 புள்ளியை மரபாகவே தவிர்க்கிறார்கள்.

ஜனவரி 15

குறைந்தது போலத் தோன்றுவதை நம்பக் கூடாது என்பதால் அளக்கத் தொடங்கியிருக்கிறேன். வடிதாள் ஒன்றை நுண்ணிய தராசில் எடைபோட்டு, ஐந்து நிமிடம் உள்ளங்கையில் பொதிந்து வைத்து, மீண்டும் எடைபோட வேண்டும். கூடிய எடைதான் வியர்வை. ஆய்வுகளிலும் இதே முறையைக் கையாள்கிறார்கள். எடுக்கும் நேரமும் அறையின் வெப்பமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

பிப்ரவரி 2

சிகிச்சைப் படுக்கையிலிருந்து எழுந்தவுடன் எடுத்த எடைகள் தெளிவாகக் குறைந்திருக்கின்றன. அலுவலகக் கூட்டத்துக்குச் சற்று முன் எடுத்த எடைகளில் அப்படி எந்த இறக்கமும் தெரியவில்லை. அமைதியான அறையில், கண்களை மூடி, யாரிடமும் பேசாமல் அரை மணி நேரம் படுத்திருந்தால் ஊசி இல்லாமலே கை உலரக்கூடும். ஆகவே, ஊசி போட்டுக்கொள்ளாமல் வீட்டிலும் அவ்வாறே படுத்து எழுந்து அளந்து பார்த்தேன். அப்போதும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குறைந்தது.

இந்த ஐயம் அக்குபங்சர் ஆய்வு முழுவதையும் தொடரும் ஒன்று. தோலைத் துளைக்காமல் கைப்பிடிக்குள் மடங்கிவிடும் பொய் ஊசியை 1998இல் உருவாக்கியதே, ஊசியின் விளைவையும் எதிர்பார்ப்பின் விளைவையும் பிரித்தறிவதற்காகத்தான். குமட்டலுக்கும் சிலவகை வலிகளுக்கும் அக்குபங்சரைப் பற்றி ஏராளமான ஆய்வுகள் நடந்திருக்கின்றன. மிகை வியர்வையைப் பொறுத்தவரை சிறிய ஆய்வுகளும் தனிநபர் குறிப்புகளுமே மிகுதி; அவற்றைக் கொண்டு இது வியர்வையைக் குணமாக்கும் என்று சொல்வது நோயாளிக்கு நேர்மையாக இருக்காது.

பிப்ரவரி 20

இதே தொல்லை உடைய நண்பர் ஒருவர், பூச்சு மருந்தை நிறுத்திவிட்டு ஊசிக்கு மாறலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அலுமினியம் குளோரைடு பூச்சை இரவில், நன்கு உலர்ந்த தோலில் தடவினால் அது சுரப்பிக் குழாயின் வாயை அடைக்கிறது. எரிச்சல் தந்தாலும் பலருக்குப் பயன்படுகிறது. போட்டாக்ஸ் ஊசி சுரப்பியைத் தூண்டும் வேதிப்பொருளான அசெட்டைல்கோலின் நரம்பு முனையிலிருந்து வெளிப்படுவதைத் தடுத்துச் சில மாதங்களுக்கு வியர்வையை நிறுத்துகிறது. மார்புக்குள் பரிவு நரம்பைத் துண்டிக்கும் அறுவை சிகிச்சையும் உண்டு. ஆனால் கை உலர்ந்த பின் முதுகும் வயிறும் தொடையும் வழியத் தொடங்குவது பலருக்கு நேர்வதால், அதைக் கடைசி வழியாகவே வைத்துக்கொள்ள வேண்டும். அவர் பூச்சைத் தொடர்ந்துகொண்டே, மன அமைதிக்காக ஊசியும் போட்டுக்கொள்வதானால் அதில் எனக்கு மறுப்பில்லை.

மார்ச் 11

வடிதாள் கணக்கு மாறவில்லை. மாறியிருப்பது வேறொன்று: கூட்டத்துக்கு முந்தைய இரவுகளில் முன்பைவிட நன்றாக உறங்குகிறேன், கை ஈரமாக இருக்கும்போதும் அதை மறைக்க முன்போல் பாடுபடுவதில்லை. இதை ஒரு பயனாகவே கருதுகிறேன். எனினும் நான் தேடி வந்த பயன் இதுவன்று.

மருத்துவர் அடுத்ததாக அயன்டோபோரெசிஸைப் பரிந்துரைத்திருக்கிறார்: தட்டில் உள்ள குழாய் நீரில் கைகளை வைத்து, அதன் வழியே மிக மென்மையான மின்னோட்டத்தைச் செலுத்தும் முறை. இதய முடுக்கி பொருத்தியவர்களும் கருவுற்றவர்களும் இதைச் செய்துகொள்ளக் கூடாது. தொடக்கத்தில் வாரத்தில் பலமுறையும், பலன் தெரிந்த பின் இடைவெளி விட்டும் செய்ய வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் எது பலித்தது என்று தெரியாது என்பதால், அக்குபங்சரை இத்துடன் நிறுத்தி, சில வாரம் எந்தச் சிகிச்சையும் இல்லாமல் வடிதாளை மட்டும் எடைபோட்டு வரப் போகிறேன். மின்னோட்டச் சிகிச்சை அதற்குப் பிறகுதான்.