நஞ்சு ஊசிக்குப் பிறகு மீண்டும் தேன்பெட்டி அருகே

கடலூர் கேப்பர் மலையில், என் பிறந்த வீட்டு முந்திரித் தோப்பில், இந்தப் பூப்பருவத்தில் மீண்டும் தேன்பெட்டிகளைத் திறந்து பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். தேனீக் கொட்டு எனக்கு ஒவ்வாமையை உண்டாக்கும், உயிருக்கே ஆபத்து என்று மருத்துவர் சொன்ன பிறகும் இது தேவையா என்று உறவினர்கள் கேட்கிறார்கள். அக்கறையில் எழும் கேள்வி என்பதால் விரிவாகவே பதில் சொல்கிறேன். தேனீ நஞ்சையே சிறுகச் சிறுக ஊசியாகப் போட்டு உடலைப் பழக்கும் முறையான சிகிச்சை பெற்றவர் தேனீக்களிடம் திரும்பலாம். ஆனால் சில நிபந்தனைகளை ஒருநாளும் தளர்த்தக் கூடாது.

தேனீ கொட்டிய இடம் வீங்குவது எல்லோருக்கும் உள்ளதுதான். எனக்கு வந்தது அதுவன்று. கழுத்தில் ஒரே ஒரு தேனீ கொட்டிய சில நிமிடங்களில் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்தன, உடல் முழுதும் தடித்தது, தொண்டை அடைத்துக் குரல் கம்மியது, கண் இருட்டிக்கொண்டு வந்தது. அருகிலிருந்தவர்கள் கொட்டுவாயில் சுண்ணாம்பு தடவினார்கள். சரிந்துகொண்டிருக்கும் இரத்த அழுத்தத்தைச் சுண்ணாம்பு எப்படித் தூக்கி நிறுத்தும்? அந்த நேரத்தில் முதலில் தேவைப்படுவது தொடையின் வெளிப்புறத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி. அது உரிய நேரத்தில் கிடைத்ததால் பிழைத்தேன்.

கொட்டக் கொட்டப் பழகிவிடும் என்று ஊரில் சொல்வார்கள். ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் கொட்டு வாங்கும் தேனீ வளர்ப்பாளர்கள் பலருக்கு அப்படிப் பழகுவதும் உண்மையே. ஆனால் ஒவ்வாமை வந்துவிட்ட ஒருவர் அதை நம்பித் தோப்புக்குள் போவது உயிரோடு விளையாடுவதாகும். சிகிச்சையில் தருவதும் அதே நஞ்சுதான். ஆனால் தூய்மைப்படுத்தி, அளந்து, மருத்துவரின் கண்முன்னே தருகிறார்கள். முன்பு பூச்சியின் முழு உடலையும் அரைத்தெடுத்த சாற்றையே ஊசியாகப் போட்டுவந்தார்கள். அதில் பயனில்லை, நஞ்சு மட்டுமே காக்கும் என்பதை 1978-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது.

இந்த ஊசிமருந்து நம் பக்கத்தில் எளிதில் கிடைப்பதில்லை. புதுச்சேரிக் குடும்பங்கள் பலவற்றைப் போல என் கணவர் வீட்டாரும் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவர்கள். ஆகவே அவருடைய வேலைக்காக நாங்கள் பிரான்சில் இருந்த காலத்தில் அங்கே ஐந்தாண்டுச் சிகிச்சையை முடித்தேன். மிகச் சிறிய அளவில் தொடங்கி 100 மைக்ரோகிராம் வரை உயர்த்தி, பிறகு அந்த அளவையே மாதந்தோறும் கொடுத்துவருவார்கள். ஒரு தேனீயின் ஒரு கொட்டில் ஏறத்தாழ 50 முதல் 140 மைக்ரோகிராம் வரை நஞ்சு இருக்கும் என்பதை நினைத்தால் அந்த எண்ணின் பொருள் விளங்கும். இறுதியில், கையில் சிரை ஊசி குத்தி வைத்து, ஒரு கண்ணாடிக் குழாயைக் கவிழ்த்து என் முன்கையில் உயிருள்ள தேனீயைக் கொட்ட வைத்தார்கள். கொடுக்கு தோலில் தங்கிவிட, அதனோடு ஒட்டியிருந்த நஞ்சுப்பை தானாகவே சுருங்கி விரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இடம் மட்டும் சிவந்து வீங்கியது. மூச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. மருத்துவர் தலையசைத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

இருந்தாலும் இந்தச் சிகிச்சை தேனீ நஞ்சுக்கு ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேரைத்தான் முழுமையாகக் காக்கிறது, நிறுத்திய பிறகு அந்தக் காப்பு குறையவும் கூடும். குளவி நஞ்சு வேறு என்பதால், குளவி ஒவ்வாமை உள்ளவருக்குத் தனியாக ஊசி போட வேண்டும். அதனால் அட்ரினலின் பேனா ஊசி இல்லாமல் நான் தோப்புக்குள் கால் வைப்பதில்லை. நம் ஊர் வெயில் அந்த மருந்தைக் கெடுத்துவிடும் என்பதால் வெப்பம் புகாத பையில் வைத்துக்கொள்கிறேன். பேனாவிலுள்ள சிறு கண்ணாடி வழியாக மருந்து தெளிவாக இருக்கிறதா, பழுப்பேறியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்கிறேன். தனியாகப் போவதும் இல்லை. "அக்கா, மொதல்ல பேனாவக் காட்டு, அப்புறம் பெட்டியத் தொறக்கலாம்" என்பான் தம்பி. அதைத் தொடையில் அழுத்தவும், என்னைப் படுக்க வைத்துக் காலை உயர்த்தி 108-ஐ அழைக்கவும் அவனுக்குத் தெரியும். ஊசி போட்டு நலமானாலும் மருத்துவமனைக்குப் போயாக வேண்டும், ஏனெனில் சில மணி நேரம் கழித்து மீண்டும் அதே நிலை வரலாம்.

இத்தனை ஏற்பாடும் எதற்கு என்றால், நியூட்டன் பெட்டி எனப்படும் மரத் தேன்பெட்டியின் மூடியை மெல்ல நகர்த்தி, தேங்காய் நார்ப் புகையை இரண்டு மூச்சு விட்டு, முட்டையும் புழுவும் வளரும் புழு அறையிலிருந்து அடை கட்டிய ஒரு சட்டத்தைத் தூக்கி வெயிலுக்கு எதிரே பிடிக்கும் அந்தப் பொழுதுக்காகத்தான். வெள்ளை மெழுகு மூடிய தேன், அதன் கீழே மஞ்சளும் செம்மஞ்சளுமாக மகரந்தம், அதற்கும் கீழே அறைதோறும் அரிசி நுனி அளவு முட்டை. 2011 டிசம்பரில் தானே புயல் வேரோடு சாய்த்த மரங்களுக்குப் பதிலாக அப்பா நட்ட முந்திரிகள் இவை. அவற்றின் பூவிலிருந்து வந்த தேனை என் கண்ணால் பார்ப்பதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துப் பூ குறைந்துவிட்டால் சர்க்கரைப் பாகு வைக்க அடிக்கடி பெட்டியைத் திறக்க வேண்டியிருக்கும். பஞ்ச காலத்துத் தேனீக்கள் எளிதில் சீறும் என்பதால் அந்த வேலையைத் தம்பி ஏற்றுக்கொண்டிருக்கிறான். நான் தை பிறந்த பிறகு சட்டங்களைப் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.