கீழே விழுந்ததை யார் எடுப்பது?

உதவி நாய்களைப் பழக்கி, மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் இருக்கும் வீடுகளில் சேர்ப்பது என் வேலை. விண்ணப்பிக்க வரும் பெற்றோர் முதலில் கேட்பது, நாய் என்னென்ன செய்யும் என்பதைத்தான். பதில் சுலபம். கீழே விழுந்ததை எடுத்துக் கொடுக்கும். கைப்பிடியில் கட்டிய கயிற்றைக் கடித்து இழுத்துக் கதவைத் திறக்கும். மூக்கால் அழுத்தி விளக்கைப் போடும். வலிப்பு வந்தால் குரைத்து ஆளைக் கூப்பிடும். ஆட்டிசம் உள்ள குழந்தை பதறித் தவிக்கும்போது மடிமேல் படுத்து, தன் எடையால் அழுத்தம் கொடுக்கும்.

சரி, விழுந்ததை எடுப்பதும் கதவைத் திறப்பதும் வீட்டில் இருப்பவர்களே செய்யக்கூடியவைதானே, எதற்கு நாய்? இப்படிக் கேட்கிறவர்கள் குறைவு. கேட்டால் எனக்குச் சந்தோஷம், சொல்ல நிறைய இருக்கிறது.

பெருமூளை வாதம் உள்ள ஒரு சிறுமி, சக்கர நாற்காலியில் இருப்பவள். பேச்சு குழறும், வீட்டாருக்கு மட்டும்தான் புரியும். அவள் கையிலிருந்து எது நழுவினாலும் அம்மா உடனே குனிந்து எடுத்துவிடுவார். அத்தனையும் பாசம்தான். ஆனால் அந்தப் பெண்ணுக்கு எதையும் வாய் திறந்து கேட்க வேண்டிய தேவையே வந்ததில்லை.

எங்கள் நாய்கள் ‘எடு’ என்றால் எடுப்பவை. அவள் சொன்னால் அது ‘ஏ’ என்று மூச்சோடு இழுபட்டு வரும். அதனால் முதலில் அவள் சொல்ல வேண்டும், உடனே நான் ‘எடு’ என்பேன், நாய் எடுக்கும். இப்படியே திரும்பத் திரும்பச் செய்தோம். அவள் குரலை அடுத்து என்ன வரும் என்று நாய்க்குப் பிடிபட்டுவிட்டது. நான் வாய் திறப்பதற்குள் எழுந்து நடக்க ஆரம்பித்தது. உச்சரிப்பு சுத்தமாக இருக்க வேண்டும் என்றெல்லாம் நாய் எதிர்பார்ப்பதில்லை. ஓரளவு ஒரே மாதிரி ஒலித்தால் அதற்குப் போதும்.

அடுத்தது தீனி கொடுப்பது. யார் கையிலிருந்து தீனி வருகிறதோ அவர் சொல்லைத்தான் நாய் மதிக்கும். அவள் விரல்களோ இறுக மூடியே இருக்கும். நாற்காலியின் ஓரத்தில் ஒரு பிவிசி குழாயைச் சாய்வாகக் கட்டி, அதன் மேல் வாயருகே சின்னத் தட்டு ஒன்றை வைத்தோம். தட்டில் இருக்கும் தீனியை அவள் முழங்கையால் தள்ளினால் உருண்டு கீழே வந்து சேரும். கொஞ்ச நாளில் நாய் என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்க்க ஆரம்பித்தது.

அம்மாவுக்கு நான் கொடுத்த வேலை, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. மூவரில் அவருக்குத்தான் பயிற்சி கடினமாக இருந்தது. பேனா விழும். சிறுமி ஆரம்பிப்பாள், மூச்சு வாங்குவாள், மறுபடி ஆரம்பிப்பாள். நாய் போகும். தரையோடு ஒட்டிக் கிடக்கும் பேனா பல்லில் சிக்காது. முன்னங்காலால் புரட்டி, கடைவாயில் கவ்வி, பாதி வழியில் நழுவவிடும். அவள் திரும்பவும் சொல்ல வேண்டும். ஒருவழியாக எச்சில் சொட்டச் சொட்டப் பேனா மடியில் வந்து விழுந்தது. அவள் அதை ஒரு கணம் பார்த்தாள், அப்புறம் வேண்டுமென்றே முழங்கையால் தள்ளிக் கீழே போட்டாள். ‘ஏ’ என்றாள், இந்தத் தடவை தயங்காமல்.

கையை நீட்டு, வாயைத் திற, திரும்பிப் படு என்று பொழுது விடிந்ததிலிருந்து பிறர் சொல்வதைக் கேட்டே வளர்கிற குழந்தைகள் இவர்கள். தன் சொல்லுக்கு இன்னோர் உயிர் எழுந்து நடப்பதைப் பார்க்க இவர்களுக்கு வேறு எங்கே வாய்க்கிறது? நாய் அவசரப்படாது, பரிதாபப்படாது, வாக்கியத்தை முந்திக்கொண்டு முடித்துவைக்காது.

குழந்தைகளுக்கு இந்த உதவி தாமதமாகத்தான் வந்தது. பார்வை இழந்த போர்வீரர்களுக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்க ஜெர்மனியின் ஓல்டன்பர்க்கில் 1916-ல் பள்ளி தொடங்கினார்கள். கை கால் இயக்கம் குறைந்தவர்களுக்கு நாய்களைப் பழக்கும் அமைப்பைக் கலிபோர்னியாவில் போனி பெர்ஜின் தொடங்கியது 1975-ல். ஆட்டிசக் குழந்தைகளுக்கென்று நாய்களைப் பழக்குவது 1990களின் பிற்பகுதியில் கனடாவில் ஆரம்பித்தது. சிறு குழந்தையால் நாயைத் தனியாக நிர்வகிக்க முடியாது. அதனால் குழந்தை, நாய், பொறுப்பேற்கும் பெரியவர் என்று மூவரையும் ஓர் அணியாகப் பழக்குகிறோம்.

ஆட்டிசம் பற்றிக் கேட்பவர்களிடம் மாண்ட்ரியல் ஆய்வாளர்கள் 2010-ல் வெளியிட்ட ஓர் ஆய்வைச் சொல்வேன். 42 குழந்தைகளின் உமிழ்நீரில் கார்டிசால் என்ற மனஅழுத்த ஹார்மோனை அளந்தார்கள். காலையில் கண்விழித்ததும் அது ஏறுவது எல்லோருக்கும் வழக்கம். நாய் வருமுன் 58 சதவீதம் ஏறியது, நாய் வந்தபின் 10 சதவீதம்தான் ஏறியது. நாயைத் திரும்ப அழைத்துக்கொண்டதும் 48 சதவீதத்துக்குப் போய்விட்டது. நாள் முழுவதற்குமான சராசரியில் மட்டும் மாற்றம் தெரியவில்லை. அதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆசை காட்டி நாயை அனுப்பக் கூடாது.

திடீரென்று ஓடிவிடும் குழந்தையை நாயின் உடல்பட்டையோடு வாரால் இணைக்கும் முறை ஒன்று உண்டு. குழந்தை பாய்ந்தால் நாய் காலை ஊன்றி நின்றுவிடும். பல குடும்பங்களுக்கு இதில் நிம்மதி கிடைத்திருக்கிறது. எனக்கு மனம் ஒப்பவில்லை. குழந்தை வளர வளர இழுக்கும் விசையும் கூடும், அதைத் தாங்குவது ஓர் உயிரின் முதுகு. நாய் அடிக்கடி கொட்டாவி விட்டால், உதட்டை நக்கினால், முகத்தைத் திருப்பிக்கொண்டால் அது தூக்கமோ பசியோ என்று விட்டுவிடக் கூடாது, அதற்குத் தாங்கவில்லை என்று அர்த்தம். பெற்றோருக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பதே இந்த அறிகுறிகளைத்தான்.

எட்டு வாரக் குட்டியாகத் தன்னார்வலர் வீட்டுக்குப் போகும் நாய், ஒரு வருடத்துக்கு மேல் அங்கே வளர்ந்து, பிறகு மாதக்கணக்கில் பயிற்சி பெற்று, இரண்டு வயது வாக்கில்தான் குழந்தையிடம் வருகிறது. நிறைய நாய்கள் தேறுவதில்லை. அணிலைக் கண்டால் பின்னால் ஓடும், அல்லது சத்தத்துக்கு மிரளும். மிரளாத நாய் என்று எதுவும் கிடையாது. மிரண்டபின் எவ்வளவு சீக்கிரம் தெளிகிறது என்றுதான் பார்ப்பேன்.

சில வீடுகளுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். உணவு, குளியல், நடை, மருத்துவர் எல்லாம் பெரியவர் தலையில்தான் விழும். ஏற்கெனவே ஒண்டியாகத் திணறுகிற அம்மாவிடம் இன்னொரு பொறுப்பைக் கொண்டுபோய் வைத்தால் அது உதவி ஆகாது. நாயைக் கண்டு பயப்படும் குழந்தையை வற்புறுத்துவதும் கூடாது.

ஓய்வைப் பற்றியும் ஆரம்பத்திலேயே பேசிவிடுவேன். எட்டு, பத்து வயதானால் நாய் வேலையிலிருந்து நிற்க வேண்டும். அது அதே வீட்டில் இருக்குமா, வேறு யாராவது பார்த்துக்கொள்வார்களா, இன்னொரு நாய் வேண்டுமா என்பதைக் குடும்பம் முடிவு செய்ய வேண்டும். குழந்தை அதற்குள் பதின்பருவத்தில் இருக்கும். அவனையோ அவளையோ கேட்காமல் அந்த முடிவை எடுக்காதீர்கள் என்று சொல்லித்தான் விண்ணப்பத்தை வாங்கிக்கொள்கிறேன்.